உயிர்காப்பாளர் இல்லாத கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? குளுவாங்கிலிருந்து ஒரு வழிகாட்டி

என் தங்கை மகனுக்கு அப்போது 12 வயது. தீபாவளி முடிந்த வாரம், ஜொகூரின் கிழக்குக் கரையில் மெர்சிங் பக்கம் ஆளரவமில்லாத ஒரு கடற்கரைக்கு வேனில் பதினோரு பேர் போனோம். பதினோரு பேரும் திரும்பி வந்தோம். அது எங்கள் சாமர்த்தியத்தால் அல்ல. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மலாய்க்கார மீனவர் தற்செயலாக அங்கே இருந்தார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஆறு முறை போய்விட்டேன். "இன்னுமா உங்களுக்குக் கடல் ஆசை விடவில்லை?" என்று கேட்கிறார்கள். பால்மரத்துக்கும் செம்பனைக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடல் ஆண்டுக்கு ஒருமுறை கிடைப்பது. தோட்டத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தபிறகும் அந்த ஏக்கம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நம்மில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. தெரிந்தவர்களும் தோட்டத்து ஆற்றிலும் குட்டையிலும் கற்றவர்கள். ஆற்றில் எதிர்க்கரை இருக்கிறது, கடலில் இல்லை.

ஆகவே போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். போகும் முறையைச் சொல்கிறேன்.

1. முதலில் மாதம், பிறகு நாள்

இதைத்தான் நாங்கள் முதலில் தவறவிட்டோம். கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில் தொடங்கி மார்ச் வரை வீசும். நமக்கு எப்போது லீவு கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்: தீபாவளி, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை, தைப்பூசம். எல்லாம் அந்தக் காலத்துக்குள்ளேயோ அதன் வாசலிலேயோ விழுகின்றன. உறவினர் ஒன்றுகூடும் நாளும் கடல் சீறும் நாளும் ஒன்றாகிவிடுகின்றன. தீபாவளிக்கு வந்த சிங்கப்பூர் மாமா "வா, கடலுக்குப் போகலாம்" என்றால் பிரியாணி போட்டு வீட்டிலேயே உட்காரவையுங்கள்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் நம் பக்கத்துக் கடலுக்குப் பொருத்தமான காலம். மே முதல் தேதி, விசாக தினம், ஆண்டு நடுவில் வரும் பள்ளி விடுமுறை ஆகியவற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியிலிருந்து ஜொகூரிலும் சனி, ஞாயிறு வாரவிடுமுறை ஆகிவிட்டதால் கூட்டம் அந்த இரண்டு நாளில்தான். கூட்டம் சேர்வதற்கு முன், சனிக்கிழமை காலை எனக்குப் பிடிக்கும். ஆள் குறைவாக இருந்தாலும் மீனவர்கள் இருப்பார்கள்.

நாள் முடிவானதும் இரண்டைப் பார்க்கவேண்டும். ஒன்று, மெட் மலேசியா எனப்படும் வானிலைத் துறையின் கடல் எச்சரிக்கை. அவர்களின் மைசுவாச்சா செயலியிலும் வரும். பலத்த காற்று, கொந்தளிப்பான கடல் என்ற எச்சரிக்கைக்கு மூன்று நிலைகள் உண்டு. "முதல் நிலைதானே" என்று அலட்சியம் வேண்டாம். முதல் நிலை என்றாலே மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்று, 3.5 மீட்டர் வரை அலை. உங்கள் வீட்டு வாசல்கதவின் உயரமே 2 மீட்டர்தான் இருக்கும். எந்த நிலை எச்சரிக்கை வந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

இரண்டு, நீரேற்ற அட்டவணை. மலாயில் பாசாங் சூருட். நில அளவை, வரைபடத் துறை ஒவ்வோர் ஆண்டும் வெளியிடுகிறது, தொலைபேசியிலும் பார்க்கலாம். அட்டவணை புரியவில்லை என்றால் சமையலறைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் அதிகம் ஏறும், அதிகம் வற்றும், வேகமாகவும் நகரும். ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க ஒதுக்குப்புறக் கடற்கரையைத் தேடிப் போகிறவர்கள் இதை மறக்கக்கூடாது. முழங்காலுக்கு மேல் இறங்காமலே அந்தக் காரியத்தை முடிக்கலாம்.

2. அது யாருடைய மண் என்று கேளுங்கள்

இதுவரை கடலில் இறங்கியே பழகாதவர்கள் நேராக ஒதுக்குப்புறத்துக்குப் போகவேண்டாம். மெர்சிங்குக்கு வடக்கே ஏறக்குறைய 10 கிலோமீட்டரில் ஆயர் பாப்பான் கடற்கரை இருக்கிறது. ஆள் நடமாட்டம் உள்ள இடம். ஒருமுறை அங்கே போய்ப் பிள்ளைகள் தண்ணீரில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். கூட்டம் சேரும் கடற்கரைகளில் விடுமுறை நாள்களில் பொதுத் தற்காப்புப் படையினர் நிற்பது உண்டு. ஒதுக்குப்புறத்தில் நிற்கமாட்டார்கள்.

நான் போகும் கடற்கரையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த மாதமே அங்கே நெகிழிப் பைகள் மிதக்கும்.

செம்மண் பாதை கடலில் போய் முடிகிறது என்பதற்காக அது பொது இடமாகிவிடாது. சில இடம் தனியார் நிலம், சில இடம் வனத்துறை, சில இடம் இராணுவம். சிவப்புப் பலகையில் துப்பாக்கி நீட்டி நிற்கும் சிப்பாய் படத்தைப் பார்த்தால் அங்கேயே வண்டியைத் திருப்புங்கள். அந்தப் பலகையில் தமிழிலும் எழுதியிருக்கும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

கம்பத்துக்குள் (மலாய்க் கிராமத்துக்குள்) நுழைந்ததும் முதல் கடையில் நிறுத்தி ஒரு தேநீர் குடியுங்கள். கிராமத் தலைவர் வீடு எது என்று கேட்டால் காட்டுவார்கள். அவர் இல்லாவிட்டால் படகுக்காரர் யாரிடமாவது இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

"போலே மண்டி டி சினி?" (இங்கே குளிக்கலாமா?)
"டி மானா ஆருஸ் குவாட்?" (இழுப்பு எங்கே அதிகம்?)
"பெர்ணா ஆடா ஓராங் லெமாஸ்?" (யாராவது மூழ்கியிருக்கிறார்களா?)

மூன்றாவது கேள்விக்குப் பதில் வரும்போது அவர் முகத்தைப் பாருங்கள். சற்றே தயங்கினாலும் அந்த இடம் வேண்டாம். இன்னொரு பயனும் உண்டு: நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்பது ஊரில் ஒருவருக்காவது தெரிந்துவிடும்.

3. வண்டி

சொந்தக் கார் இரண்டு கிடைத்தால் அதுவே நல்லது. வேன் எடுப்பதானால் பயணிகளை ஏற்ற உரிமம் இருக்கிறதா என்று கேட்டு, தாளைக் கண்ணால் பாருங்கள். பள்ளிப் பேருந்துக்காரர் தெரிந்தவர், மலிவாக வருவார் என்று ஏறிவிடாதீர்கள். அந்த உரிமம் மாணவர்களை ஏற்றுவதற்கானது. வேறு பயணத்துக்குத் தனி அனுமதி வாங்கினாரா என்று கேட்கவேண்டும். எங்கள் முதல் பயணத்து வேன் காஹாங் தாண்டிச் செம்பனைக்கு நடுவில் நின்றுவிட்டது. அப்போதுதான் பயணிகளுக்குக் காப்புறுதியே இல்லை என்று ஓட்டுநர் மெதுவாகச் சொன்னார். நாற்பது ரிங்கிட் மிச்சம் பிடித்ததற்குக் கிடைத்த பலன்.

மணலில் காரை இறக்காதீர்கள். திரும்பி வரும்போது சக்கரம் புதையும், நீர் ஏறும், இழுத்துவிட ஆள் இருக்காது. கெட்டியான தரையில், முன்பக்கம் சாலையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது. சாவி கரையில் நிற்பவரிடம் இருக்கவேண்டும். அவர் யார் என்பதை எட்டாவது பகுதியில் சொல்கிறேன்.

4. பையில் இருக்கவேண்டிய ஆவணங்கள்

கடற்கரைக்கு எதற்கு அடையாள அட்டை என்று என் கணவரும் கேட்டார். இரண்டு காரணங்கள். அரசு மருத்துவமனையில் குடியுரிமை உள்ளவருக்கு வெளிநோயாளர் பதிவு 1 ரிங்கிட். அதைக் காட்ட முடியாவிட்டால் வெளிநாட்டவர் கட்டணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். மெர்சிங்கில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஏதாவது நடந்தால் அங்கேதான் போவீர்கள். இன்னொரு காரணம் பெட்ரோல். 2025 செப்டம்பர் 30 முதல் ரோன் 95 பெட்ரோலை மைகார்டு (அடையாள அட்டை) காட்டிச் சலுகை விலையில் வாங்கலாம்.

பெரியவர்களுக்கு மைகார்டு, பிள்ளைகளுக்கு மைகிட், ஓட்டுநர் உரிமம், வாகனக் காப்புறுதித் தாளின் நகல். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் உள்ளவர் இருந்தால் மருத்துவமனை அட்டையும் மருந்தும். எல்லாவற்றையும் வாய் இறுக மூடும் நெகிழிப் பையில் போட்டுக் காரில் வையுங்கள். அடையாள அட்டை இன்னும் கிடைக்காமல் அலைகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் உங்களோடு வந்தால் பிறப்புச் சான்றிதழின் நகலையாவது எடுத்து வரச் சொல்லுங்கள்.

5. செலவு

குளுவாங்கிலிருந்து மெர்சிங் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். காஹாங், ஜெமாலுவாங் வழியாகப் போகும் 50ஆம் எண் சாலையில் டோல் கிடையாது. சுற்றித் திரிவதையும் சேர்த்து 200 கிலோமீட்டர் என்று வையுங்கள். 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் காருக்கு 16 லிட்டர். சலுகை தொடங்கியபோது இருந்த 1.99 ரிங்கிட் விலையில் 32 ரிங்கிட். காஹாங்கிலேயே எண்ணெய் நிரப்பிவிடுங்கள்.

சாப்பாட்டுக் கணக்கு உங்களுக்கே தெரியும். பணம் போகும் இடம் உயிர்காப்பு அங்கி. நான் நான்கு வாங்கினேன், ஒன்று 65 ரிங்கிட். மொத்தம் 260. அந்த ரசீதைப் பார்த்து வீட்டில் இரண்டு நாள் சண்டை. இப்போது தாமானில் பாதி வீட்டார் இரவல் வாங்கிக்கொண்டு போகிறார்கள். நாலு குடும்பம் சேர்ந்து வாங்கினால் யாருக்கும் வலிக்காது.

6. குளிர்பெட்டியில் ஒட்டவேண்டிய தாள்

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு தாளைக் கொடுத்து, குளிர்பெட்டியில் ஒட்டச் சொல்லுங்கள். எந்தக் கடற்கரை, எந்தக் கம்பம் வழியாக, எத்தனை பேர், கார் எண், எப்போது திரும்புவோம் என்று எழுதியிருக்கவேண்டும். கடைசி வரி முக்கியம்: "இரவு 8 மணிக்குள் நாங்கள் அழைக்காவிட்டால் 999 அழைக்கவும்."

போகும் வழியில் தொலைபேசியில் சிக்னல் எங்கே அறுகிறது என்று கவனியுங்கள். நான் போகும் இடத்தில் ஒரு சூராவ் (சிறிய தொழுகை இடம்) தாண்டியதும் போய்விடும். ஆகவே அவசரம் என்றால் அந்தச் சூராவ் வரை கார் ஓட்டிப் போய் அழைக்க வேண்டியவர் யார் என்பதும் முன்னரே முடிவாகியிருக்க வேண்டும். அழைத்தால் சொல்லவேண்டிய வாக்கியம்: "ஆடா ஓராங் லெமாஸ் டி லாவுட்." (கடலில் ஒருவர் மூழ்குகிறார்.) பிறகு கம்பத்தின் பெயர், பக்கத்தில் உள்ள பாலம் அல்லது பள்ளி. வரைபடத்தில் காட்டும் இட எண்களைக் கரைக்கு வந்ததும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் தேட வராது.

7. எடுத்துப்போகும் சாமான்

உயிர்காப்பு அங்கி, 30 மீட்டர் கயிறு, காலியான 5 லிட்டர் சமையல் எண்ணெய்க் கலன் இரண்டு. கலனில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடியை இறுக்கிக் கயிற்றில் கட்டினால் எறிய வசமாக இருக்கும், மிதக்கவும் செய்யும். தோட்டத்தில் கிடக்கும் களைக்கொல்லிக் கலனை எடுக்காதீர்கள். அதைக் கழுவிவிட்டோம் என்பவர்களை நான் நம்புவதில்லை.

ஒரு போத்தல் வினிகர், ஒரு பிளாஸ்க் வெந்நீர், குடிதண்ணீர், விசில். அகாஸ் என்கிற சிறு பூச்சியின் கடிக்குத் தைலம். காலையிலும் மாலையிலும் சவுக்கு மரத்தடியில் அந்தப் பூச்சி பிடுங்கி எடுக்கும்.

விட்டுப்போகவேண்டியவை இரண்டு. காற்றடித்த ரப்பர் வளையமும் மிதவைப் படுக்கையும்: நிலத்திலிருந்து வீசும் காற்று அவற்றைப் பிள்ளையோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகும். மற்றது பீர். குளித்து முடித்து, எல்லாரும் உலர்ந்து, வீடு வந்து சேர்ந்த பிறகு குடிக்கட்டும். இதைச் சொல்லி என் மைத்துனரோடு ஓராண்டு பேச்சில்லாமல் இருந்தேன். பரவாயில்லை.

8. கரையில் நிற்பவர்

இந்த ஒரு பகுதியை மட்டும் படித்தாலும் போதும்.

அன்றைக்குக் கரையில் ஆறு பெரியவர்கள் இருந்தோம். ஒருவர் கோழி சுட்டுக்கொண்டிருந்தார், இரண்டு பேர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஆறு பேரும் பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் ஆறு பேரும் நினைத்தோம். நான் தலை நிமிர்ந்தபோது பையன் தெரிந்தான். தலை பின்னுக்குச் சாய்ந்திருந்தது, வாய் தண்ணீர் மட்டத்தில் திறந்து திறந்து மூடியது, கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தின. கத்தவில்லை. கை காட்டவில்லை. மல்லாந்து விளையாடுகிறான் என்று நினைத்து மறுபடியும் வெங்காயத்தைப் பார்த்தேன். அந்த மீனவர் என்னைத் தாண்டி ஓடியபோதுதான் விளங்கியது. மூழ்குகிறவருக்கு மூச்சு விடவே நேரமில்லை. கூப்பிட எங்கே நேரம்?

ஆகவே ஒருவர். பெயர் சொல்லி, எல்லார் முன்னாலும் நியமிக்கப்பட்ட ஒருவர். அவர் கையில் தொலைபேசி இருக்கக்கூடாது, தட்டு இருக்கக்கூடாது. கழுத்தில் விசில், காலடியில் கயிறும் கலனும். தலைகளை எண்ணுவது மட்டுமே வேலை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். அதற்கு மேல் யாருக்கும் கவனம் நிற்காது. ஆள் மாறும்போது "ஐந்து தலை, உங்களிடம்" என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். தோட்டத்துக் காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் நிற்கும் வரிசையில்) ஆள் எண்ணிய தண்டலின், அதாவது மேற்பார்வையாளரின், பேரப்பிள்ளைகள் நாம். இது நமக்குப் புதிதல்ல.

9. இறங்குவதற்கு முன் இருபது நிமிடம்

வந்தவுடன் யாரும் தண்ணீரைத் தொடக்கூடாது. பிள்ளைகள் குதிப்பார்கள், குதிக்கட்டும். மேடான இடத்தில் நின்று கடலைப் பாருங்கள். வரிசையாக வெள்ளை அலை உடையும் கரையில், ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், நிறம் சற்றுக் கருத்து, அமைதியான பாதை போலத் தெரியும். நுரையும் குப்பையும் அதன் வழியாகக் கடலுக்குள் போகும். கரைக்கு வந்த நீர் திரும்பி ஓடும் வாய்க்கால் அது. பழகாதவர் கண்ணுக்கு அதுதான் குளிக்க நல்ல இடமாகப் படும். நாங்களும் அங்கேதான் பாயை விரித்தோம். "ஆயர் யாங் தெனாங் ஜாங்கான் டிசாங்கா தியாடா புவாயா" என்று மலாயில் ஒரு பழமொழி உண்டு. அமைதியான நீரில் முதலை இல்லை என்று எண்ணாதே. அந்த மீனவர் பையனைக் கரையில் போட்டுவிட்டு எங்களிடம் சொன்னது இதைத்தான்.

ஆற்று முகத்துவாரத்தில் உண்மையான முதலைக்கும் வாய்ப்பு உண்டு. நீர் வற்றும் நேரத்தில் இழுப்பும் அங்கே கூடும். அந்தப் பக்கமே வேண்டாம். பாறையைச் சுற்றி அடுத்த வளைவுக்கு நடந்து போகிறவர்கள் நீர் எப்போது ஏறும் என்று பார்த்துவிட்டுப் போகவேண்டும். இல்லையென்றால் திரும்பும் வழி தண்ணீருக்குள் இருக்கும்.

பெரியவர்களுக்கு இடுப்பளவு, பிள்ளைகளுக்கு முழங்காலளவு. அதற்கு மேல் இல்லை. பெண்கள் சுடிதார் துப்பட்டாவைக் கரையில் விட்டுவிடுங்கள். ஜீன்ஸ் போட்டு இறங்காதீர்கள். நனைந்தால் காலில் கல் கட்டியதுபோல் இருக்கும்.

10. இழுத்துக்கொண்டு போனால்

இழுபடுகிறவர் கரையை நோக்கி நீந்தவே கூடாது. வேகமான இழுப்பு விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் ஓடும். ஒலிம்பிக் வீரரும் அதை எதிர்த்து வெல்லமுடியாது. மல்லாந்து மிதந்து, மூச்சை நிதானப்படுத்தி, கையை ஆட்டவேண்டும். அந்த ஓட்டம் ஆளைக் கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக ஒரு பக்கமாக நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்தபின் கரைக்குத் திரும்பலாம். இதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லி, திருப்பிச் சொல்லவைத்துக் கேளுங்கள்.

கரையில் இருப்பவர் வெறுங்கையோடு பாயக்கூடாது. அப்பா பிள்ளைக்காகப் பாய்ந்து இருவரும் போன செய்தியைப் பத்திரிகையில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! கலனை எறியுங்கள், ஒருவரை 999க்கு அனுப்புங்கள், படகுக்காரரைக் கூப்பிடுங்கள். எங்கள் மீனவரும் வெறுங்கையோடு இறங்கவில்லை. வெள்ளை மீன்பெட்டி ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் போனார்.

வெளியே கொண்டுவந்த பிறகு வயிற்றை அமுக்காதீர்கள், தலைகீழாகத் தூக்காதீர்கள். நம் ஊரில் உடனே அதைத்தான் செய்வார்கள். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு, பிறகு மார்பு நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறி மாறி, உதவி வரும்வரை. எழுதிப் படித்து இது வராது. செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. குடும்பத்துக்கு ஒருவராவது போய்க் கற்றுவாருங்கள்.

11. கொட்டினால், குத்தினால்

ஒபோர்-ஒபோர் என்கிற சொறி மீன் பட்டால் மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், குடிதண்ணீர் ஊற்றாதீர்கள். வினிகரை அரை நிமிடம் தாராளமாக ஊற்றி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுங்கள். மூச்சுத் திணறினால் மருத்துவமனை. திருக்கை முள் குத்தினால் பிளாஸ்கில் உள்ள வெந்நீரைப் பொறுக்கக்கூடிய சூட்டுக்கு ஆற்றி, காலை அதில் வையுங்கள். குத்தாத காலால் முதலில் சூட்டைச் சோதியுங்கள். வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாது.

12. கிளம்பும் நேரம்

பிற்பகல் 3 மணி. கெஞ்சினாலும் 3 மணிதான். இடிச் சத்தம் காதில் விழுந்தால் அதற்கு முன்பே எல்லாரும் காருக்குள். சவுக்கு மரத்தடியில் ஒதுங்காதீர்கள். குளுவாங்குக்குத் திரும்பும் சாலையில் காட்டு யானை குறுக்கே வருவது உண்டு. இருட்டுவதற்குள் காஹாங்கைத் தாண்டிவிடுங்கள்.

தண்ணீர் குடித்து இருமியவர் யாராக இருந்தாலும், இப்போது நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும், மெர்சிங் மருத்துவமனையில் காட்டிவிட்டுத்தான் கிளம்பவேண்டும். நுரையீரல் கோளாறு சில மணி நேரம் கழித்தும் வரலாம். எங்கள் பையனை அன்றிரவு அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

வீடு வந்ததும் பைகளை இறக்குவதற்கு முன் பக்கத்து வீட்டு அக்காவை அழைத்துத் தாளைக் கிழிக்கச் சொல்லுங்கள். போன முறை நான் மறந்துவிட்டேன். 8 மணி அடித்து இரண்டு நிமிடத்தில், தொலைபேசியைக் கையில் பிடித்தபடி வேலி ஓரம் வந்து நின்றார்.